மன்னன் பெயர் இல்லாத ஆறு வரிகள்

கீகோன் ஊற்றின் படிகளில் இறங்கியதுமே தண்ணீர் தொடை வரை வந்துவிட்டது. அக்கா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மட்டம் முழங்காலுக்கு இறங்கியது. அதன் பிறகு மேலே ஏறவில்லை. இரண்டு பக்கப் பாறையும் தோளை உரசும் அகலம்தான். டார்ச்சை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தோம். கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. தண்ணீர் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

2019 பிப்ரவரியில் நாங்கள் இருவரும் எருசலேமுக்குப் போனோம். பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி தினமும் இரவு குடும்ப ஜெபத்தில் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம் வாசிக்கவைப்பார்கள். யார் முறையோ அவர்கள் திக்காமல் வாசிக்க வேண்டும். எசேக்கியா, சனகெரிப், லாகீஸ், மோவாப், ஏதோம் எல்லாம் பக்கத்துத் தெருப் பெயர்களைப் போல வாயில் புழங்கியவை. அந்த ஊர்களின் மண்ணை மிதிக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இருந்த நெடுநாள் ஆசை. யாத்திரைக் குழுவோடு போனால் பெத்லகேம், கலிலேயாக் கடல் என்று இயேசுவின் காலத்து இடங்களையே காட்டுவார்கள். நாங்கள் பார்க்க விரும்பியது அதற்கும் ஏழெட்டு நூற்றாண்டுகள் முந்திய எபிரெயரின் உலகம். ஆகவே தனியாகவே கிளம்பினோம்.

முற்றுகை வந்தாலும் நகருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று பாறையைக் குடைந்த இந்தச் சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். ஊற்றுக்கும் சீலோவாம் குளத்துக்கும் இடையே நேராக அளந்தால் சுமார் 320 மீட்டர்தான் வரும். சுரங்கமோ பாம்பு போல நெளிந்து போகிறது. ஏன் இத்தனை வளைவு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குழுக்கள் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தன என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தால் விரலுக்கே அது புரிந்துவிடும். முதல் பாதியில் உளித்தடங்கள் நாம் போகும் திசையிலேயே சாய்ந்திருக்கின்றன. நடுவில் பாதை தடுமாறுகிறது. கொஞ்சம் வெட்டி, தவறு என்று கண்டு கைவிட்ட பொந்துகள் இருக்கின்றன. சட்டென்று ஒரு திருப்பம். அதைத் தாண்டியதும் உளித்தடங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நம்மை நோக்கி வருகின்றன. அக்கா அந்த இடத்தில் சுவரின் இரு பக்கத்திலும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் கூச்சலிட்டு வழி கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

இந்தச் சந்திப்பை, வெட்டிய காலத்திலேயே யாரோ எழுதிவைத்தார்கள். 1880-ல் குளத்துப் பக்கம் தண்ணீரில் விளையாடிய ஒரு பள்ளிச் சிறுவன் சுவரில் எழுத்து இருப்பதைக் கண்டான். பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரிகள். பிறகு யாரோ அதைத் திருட்டுத்தனமாகப் பெயர்த்தெடுத்ததில் கல் உடைந்தது. அன்று எருசலேம் துருக்கியர் ஆட்சியில் இருந்ததால் அந்தக் கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் செய்தி இதுதான்: இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் பாறை வழியே கேட்டது. துளை விழுந்த அன்று கல்வெட்டுவோர் ஒருவரையொருவர் நோக்கி, கோடரிக்கு எதிர்க் கோடரியாக வெட்டினார்கள். ஊற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் 1,200 முழம் ஓடியது. வெட்டியவர்களின் தலைக்கு மேல் பாறை 100 முழம் உயரம் இருந்தது.

இதில் மன்னன் பெயர் இல்லை. கடவுள் பெயரும் இல்லை. சுரங்கம் வெட்டுவித்தவன் யூதா மன்னன் எசேக்கியா என்று இராஜாக்கள் புத்தகமும் நாளாகமமும் சொல்கின்றன, சுவர் சொல்லவில்லை. மன்னனின் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தே பழகியவள் நான். ஒரு நாட்டின் உயிரைக் காத்த வேலையைப் பற்றி எழுதும்போது, பாறைக்குள் கேட்ட ஒரு குரலைத்தான் பதிய வேண்டும் என்று நினைத்த அந்த மனிதனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பயணம் முழுவதும் அவனைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுரங்கம் வெட்டக் காரணமாக இருந்தவன் அசீரிய மன்னன் சனகெரிப். அவனைப் பார்க்க எருசலேமில் தேட வேண்டியதில்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓர் அறை முழுக்க அவன் இருக்கிறான். இந்தப் பயணத்துக்கு இரண்டு வருடம் முன்பு அங்கே போயிருந்தேன். நினிவேயில் அவன் அரண்மனைச் சுவரில் இருந்த புடைப்புச் சிற்பங்கள்; கி.மு. 701-ல் அவன் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த கதையை வரிசையாகச் சொல்பவை. மதில் மேலிருந்து தீப்பந்தங்கள் பறக்கின்றன. முற்றுகைப் பொறிகள் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒருவன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். தோலுரிக்கப்படும் ஆண்களும் இருக்கிறார்கள். என் கண் நின்றது ஒரு மாட்டுவண்டியில். மூட்டைகளின் மேல் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி நாடுகடத்தலுக்குப் போகிறது. கடைசியில் சிம்மாசனத்தில் சனகெரிப். "உலகத்தின் மன்னன்" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. முகம் மட்டும் இல்லை. யாரோ கொத்திச் சிதைத்துவிட்டார்கள். கி.மு. 612-ல் நினிவே விழுந்தபோது உள்ளே புகுந்த எதிரிகள் செய்திருக்கலாம் என்கிறார்கள்.

லாகீஸுக்கு மறுநாள் போனோம். எருசலேமிலிருந்து ஒரு வாடகைக் கார். ஓட்டுநர் கிழக்கு எருசலேம்காரர், அரபு பேசுபவர். இந்த மேட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து இருவர் வந்ததில் அவருக்கு வியப்பு. வழியெல்லாம் வாதுமை மரங்கள் இலையே இல்லாமல் வெள்ளையாகப் பூத்து நின்றன. லாகீஸைச் சுற்றி இன்றும் திராட்சைத் தோட்டங்கள். அந்த மாதத்தில் கொடிகள் வெறும் கட்டைகளாக இருந்தன. தென்மேற்கு மூலையில் அசீரியர் குவித்த முற்றுகைச் சரிவு இருக்கிறது. கல்லைக் கொட்டிக் கொட்டி மதில் உயரத்துக்கு ஏற்றிய பாதை. அசீரியர் முற்றுகைச் சரிவுகளில் இப்படித் தோண்டிக் கண்டெடுக்கப்பட்டது இது ஒன்றுதான். லண்டனில் சிற்பத்தில் பார்த்த அதே சரிவின்மேல் நின்றுகொண்டிருந்தேன். காலடியில் கிடந்த கற்கள் என் தலையளவு, சில அதைவிடப் பெரியவை. இவற்றைச் சுமந்து வந்தவர்களில் பிடிபட்ட யூதர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைத்ததும் அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

எருசலேம் மட்டும் விழவில்லை. 46 மதில்சூழ் பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் "கூண்டுப் பறவையைப் போல" எருசலேமில் அடைத்துவைத்ததாகவும் சனகெரிப் களிமண் பட்டகத்தில் எழுதினான். அடைத்தேன் என்றானே தவிர, பிடித்தேன் என்று எழுத முடியவில்லை. தலைநகரைப் பிடித்திருந்தால் அரண்மனைச் சுவரில் லாகீஸுக்கு என்ன வேலை?

லாகீஸ் வாசலில் இன்னொன்று இருக்கிறது. வாசலை ஒட்டிய அறை ஒன்றில் சிறு வழிபாட்டிடம் இருந்ததை 2016-ல் அறிவித்தார்கள். பலிபீடத்தின் கொம்புகள் வெட்டப்பட்டிருந்தன. அறையின் மூலையில் கல்லால் செய்த கழிப்பிட இருக்கை ஒன்றை வைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில் அது ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை. அதாவது, இந்த இடம் இனி தெய்வத்துக்கு ஆகாது என்று தீட்டுப்படுத்துவதற்காகவே வைத்தது. மேடைகளை அகற்றினான் என்று எசேக்கியாவைப் பற்றிப் படித்திருக்கிறோம். அது அவன் காலத்து வேலையாக இருக்கலாம் என்பது தோண்டியவர்களின் கருத்து. ஆச்சி வாசிக்கவைத்தபோது அது ஒரே ஒரு வாக்கியம். அதற்குள் இத்தனை ஆத்திரம் இருந்திருக்கிறது.

அதே வாசலில், ஒரு நூற்றாண்டுக்குப் பிந்திய சாம்பல் அடுக்கில், 1935-ல் ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேய அகழ்வாளர் பானை ஓடுகளைக் கண்டெடுத்தார். மையால் எழுதிய கடிதங்கள். இம்முறை எதிரி பாபிலோன்; நேபுகாத்நேச்சாரின் படை. ஏதோ ஒரு காவலிடத்திலிருந்து ஒரு வீரன் தன் அதிகாரிக்கு எழுதுகிறான்: நாங்கள் லாகீஸின் தீ அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவை எங்களால் பார்க்க முடியவில்லை. கடைசியில் மிஞ்சியிருந்த அரணான பட்டணங்கள் லாகீசும் அசெக்காவும் என்று எரேமியா தீர்க்கதரிசி சொல்லும் அதே நாட்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஒசாயா என்ற வீரனின் கடிதம். அவனுக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது என்று அதிகாரி எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கர்த்தருடைய ஜீவன்மேல் ஆணை, எனக்கு எந்த ஆளும் ஒருபோதும் கடிதம் வாசித்துக்காட்ட முயன்றதில்லை, வருகிற கடிதம் எதுவானாலும் நானே வாசித்துவிடுவேன் என்று பதில் எழுதுகிறான். நாடு தீப்பற்றி எரியப்போகிற நேரத்தில், எழுத்தறிவில்லாதவன் என்று சொன்னதற்காக ஒரு படைவீரன் மனம் குமுறியிருக்கிறான். சுற்றிலும் இருந்த பேரரசுகளில் எழுத்து பெரும்பாலும் அதற்கென்றே பயின்றவர்களின் கையில் இருந்தது. இங்கே இருபத்திரண்டு எழுத்துகளைக் கற்றால் போதும். காவலிடத்து வீரனுக்கும் அது கைவந்தது. இந்தக் கடிதத்தை மேட்டின்மேல் அக்காவுக்குச் சொன்னேன். "ஆச்சி மாதிரி இருக்கிறதே" என்றாள். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர்கள். கண்ணாடி இல்லாத நாளில் யாராவது வாசித்துக்காட்ட வந்தால் அவர்களுக்குக் கோபம் வரும்.

ஆராத் இன்னும் தெற்கே, நெகேவ் பாலைவனத்தின் விளிம்பில். மழை பெய்து ஓய்ந்திருந்த மாதம் என்பதால் காய்ந்த மண்ணில் சிவப்புப் பூக்கள் திட்டுத்திட்டாக இருந்தன. மேட்டின் உச்சியில் யூதா அரசின் எல்லைக் கோட்டை. ஆராத்தின் அதிகாரி எலியாசிபுக்கு வந்த ஓட்டுக் கடிதங்கள் இங்கே கிடைத்தன, கி.மு. 600-ஐ ஒட்டியவை. கித்தீமியருக்கு இவ்வளவு திராட்சரசம் கொடு, நாளின் பெயரை எழுதிவை, மாவு அனுப்பு, அவர்களுக்கு ரொட்டி ஆகட்டும். கித்தீமியர் என்பது கிரேக்கக் கடலோரத்திலிருந்து வந்த கூலிப்படையினராக இருக்கலாம். ஒரு கடிதத்தில் மட்டும் குரல் உயர்கிறது: ஏதோமியர் அங்கே வந்துவிடாதபடி ஆட்களை உடனே அனுப்பு. 2016-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் இந்த ஓடுகளின் கையெழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டு, குறைந்தது ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றார்கள். ஒரு சின்னப் பாலைவனக் கோட்டைக்கு இத்தனை கைகள்! ஒசாயா தனியாள் இல்லை.

கோட்டைக்குள் ஒரு கோயில் இருக்கிறது. எருசலேமில் மட்டுமே கோயில் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். முற்றத்தில் உளிபடாத கற்களும் மண்ணும் கொண்டு கட்டிய பலிபீடம். வெட்டின கற்களால் கட்ட வேண்டாம் என்று யாத்திராகமம் சொல்வது அப்படியே இங்கே இருக்கிறது. உள்ளே சிறு கருவறை, நட்டு நிறுத்திய ஒரு கல், முன்னால் இரண்டு தூபபீடங்கள். களத்தில் இருப்பவை நகல். மூலப் பீடங்கள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாங்கள் போய்வந்த மறுவருடம், 2020-ல், அவற்றின்மேல் ஒட்டியிருந்த கருப்புப் படிவை ஆராய்ந்த முடிவு வெளியானது. பெரியதில் சாம்பிராணி வகையைச் சேர்ந்த குந்துருக்கம், சிறியதில் கஞ்சா. கஞ்சாவைச் சாணத்தோடு கலந்து மெதுவாகப் புகையவைத்திருக்கிறார்கள். செய்தியைப் படித்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். அவளால் இரண்டு நாள் அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

என்னை நெருடியது வேறு. 1960-களில் தொல்லியலாளர் அகரோனி தோண்டியபோது இந்தப் பீடங்கள் உடைந்து கிடக்கவில்லை. யாரோ அவற்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்து மண்ணால் மூடியிருந்தார்கள். லாகீஸில் கொம்பை வெட்டிக் கழிப்பிடம் வைத்த அதே நாடு. ஒருவேளை அதே ஆணையாகவும் இருக்கலாம். இங்கே அதை நிறைவேற்றியவனுக்குக் கை கூசியிருக்கிறது. தன் தகப்பன் வணங்கிய இடத்தைப் பிள்ளையைப் படுக்கவைப்பதுபோலப் படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரே கடவுள், ஒரே கோயில் என்பது சீனாய் மலையில் ஒரே நாளில் வந்து நிலைத்துவிட்டதென்று சிறுவயதில் நினைத்திருந்தேன். சீனாய்ப் பாலையில் குன்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1970-களில் கிடைத்த ஜாடி எழுத்துகள் கர்த்தரோடு "அவருடைய அசேரா"வையும் சேர்த்து வாழ்த்துகின்றன. அசேரா என்பது கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். கானானியர், பெனிக்கியர், ஏதோமியர் நடுவே வாழ்ந்த மக்கள் இவர்கள். நம்பிக்கை இவர்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டு, அழுது, புதைத்து உருவாகியிருக்கிறது. இதை அறிந்தபின் எனக்கு அந்த நம்பிக்கையின்மேல் மதிப்பு கூடியிருக்கிறது.

மாலையில் புதிய ஆராத் ஊரின் கிழக்கு விளிம்பில் காரை நிறுத்தினார் ஓட்டுநர். கீழே சாக்கடல்; அதற்கு அப்பால் வெயிலில் செம்மையாக மோவாப் மலைகள். அந்த மலைகளின் மேலே தீபான் என்ற ஊரில் 1868-ல் கருங்கல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. மோவாப் மன்னன் மேசா கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுத்தியது. ஐரோப்பியர் போட்டியிட்டு விலை பேசியதில் எழுந்த பகையில் அங்கிருந்த பெதூயின் மக்கள் அதை நெருப்பில் சுட்டு, தண்ணீர் ஊற்றி உடைத்துவிட்டார்கள். முன்பே எடுத்திருந்த காகிதப் படியின் உதவியால் ஒட்டிய கல் இன்று பாரிஸ் லூவ்ரில் நிற்கிறது. எபிரெயம் தெரிந்தவர்கள் அதைப் பெரும்பாலும் வாசித்துவிடலாம். அத்தனை நெருக்கமான மொழி. மோவாபின் தெய்வமான கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்ததால் இஸ்ரவேல் எங்களை ஒடுக்கியது, பிறகு கேமோஷ் எங்களை மீட்டார் என்கிறான் மேசா. கேமோஷ் என்ற பெயரை எடுத்துவிட்டால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு பக்கம் போலவே இருக்கும். இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்துபோயிற்று என்றும் எழுதியிருக்கிறான். அவனுக்கும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் எகிப்திய மன்னன் மெர்னெப்தா, இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்று கல்லில் வெட்டியிருந்தான். இஸ்ரவேல் என்ற பெயரின் மிகப் பழைய தடம் அந்த எகிப்தியக் கல்தான்.

எபிரெய மன்னர்களும் இப்படிக் கல் நிறுத்தியிருப்பார்கள். ஒரு முழுமையான கல்கூட இதுவரை கிடைக்கவில்லை, சில துண்டுகள்தான். ஆகவே பக்கத்து நாட்டவர் பெருமையடித்தார்கள், இவர்கள் அடக்கமானவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறொரு வேறுபாடு இருக்கிறது. கடவுள் கோபமாக இருந்தார் என்று மேசா எழுதியது வென்ற பிறகு. யூதா அதையே எழுதியது தோற்ற பிறகு. கி.மு. 586-ல் கோயிலே எரிந்து, மன்னன் கண்ணிழந்து பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்ட பின்பும், வென்றவனின் கடவுள் பெரியவர் என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. தவறு எங்களுடையது என்று எழுதிக்கொண்டு தங்கள் கடவுளையே பற்றிக்கொண்டார்கள். கேமோஷை வணங்க இன்று யாரும் இல்லை. சாக்கடலின் இக்கரையிலிருந்து அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மேசாவின்மேல் இரக்கமாக இருந்தது.

கடைசி நாளை அருங்காட்சியகத்துக்கு வைத்திருந்தோம். ஆராத்தின் தூபபீடங்களைப் பார்த்தோம். எதிர்பார்த்ததைவிடச் சிறியவை, பெரியதே ஏறக்குறைய அரை மீட்டர்தான். அதன் பிறகு இரண்டு வெள்ளித் தகடுகள். பெரியது என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். சின்னது 4 சென்டிமீட்டர்கூட இல்லை. சுருட்டிக் கழுத்தில் அணிந்த தாயத்துகள். 1979-ல் கிடைத்தபோது சிகரெட் துண்டு போல இருந்தன. நொறுங்காமல் விரிக்கவே வருடங்கள் பிடித்தன. அதில் ஊசிமுனையால் கீறியதுபோல மெல்லிய எழுத்து. இன்று கையில் இருக்கும் வேதாகமச் சொற்களில் இதைவிடப் பழைய பிரதி இல்லை. சாக்கடல் சுருள்களுக்கும் சில நூற்றாண்டுகள் முந்தியது. பக்கத்தில் பெரிதாக்கிய வரைபடத்தில் வரிகளைக் காட்டியிருந்தார்கள். எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். அக்கா மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." ஊருக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வாசலில் நிறுத்தி, தலையில் கைவைத்து ஆச்சி எங்களுக்குச் சொன்னது.

அவை கிடைத்த இடம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்துக்கு அருகே, இன்னோம் பள்ளத்தாக்கின் தோளில், ஸ்காட்லாந்துத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பாறையில் குடைந்த குடும்பக் கல்லறைகள். கூரை எப்போதோ போய்விட்டதால் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. பாறைத் திண்ணையில் வரிசையாகத் தலை வைக்கும் குழிகள் செதுக்கியிருக்கிறார்கள். ஆறு பேருக்கு இடம். உடல் மக்கியதும் எலும்புகளைத் திண்ணைக்குக் கீழே உள்ள அறையில் முன்னோரின் எலும்புகளோடு சேர்ப்பார்கள். "தன் பிதாக்களோடே சேர்க்கப்பட்டான்" என்று வாசித்தது இதைத்தான். அந்தக் கீழறையில்தான், நூற்றுக்கணக்கான பொருட்களுக்கு நடுவே, தகடுகள் கிடந்தன. அணிந்திருந்தவரோடு கழற்றாமல் வைத்துவிட்டார்கள்.

அக்கா ஒரு தலைக்குழியில் கையை வைத்துப் பார்த்தாள். கல் வழவழப்பாக இருந்தது.

"ஆச்சியின் வேதாகமத்தைப் பெட்டியில் வைத்தது யார், நீயா?" என்றாள்.

"சித்தி வைத்தார்கள். கண்ணாடியை நான் வைத்தேன்."